கண்ணாடி போட்டவர்கள் சிம்லா சுற்றுவது எப்படி?

கால்காவிலிருந்து பொம்மை ரயிலில் 96 கிலோமீட்டர் ஆடி ஆடி வருவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஊருக்குள் வந்த பிறகு செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

படி 1: மால் ரோட்டில் அறை போட்டிருந்தாலும் டாக்சி அங்கே போகாது. கீழே கார்ட் ரோட்டில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து லிஃப்ட். முதல் லிஃப்டிலிருந்து இறங்கியதும் வந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் நடந்து இன்னொரு லிஃப்டில் ஏற வேண்டும். சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம், முதுகுப் பைதான் சரி.

படி 2: காலையிலேயே ஜாக்கூ மலைமேல் இருக்கும் அனுமார் கோயில். உயரம் 2,455 மீட்டர். ரோப்வேயில் ஏறி, தேவதாரு மரங்களுக்கு நடுவே நடந்து இறங்குவது என் கட்சி.

மேலே போய்ச் சேருவதற்கு முன்பே கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துவிடுங்கள். பைக்குள் வைத்தால் அங்குள்ள குரங்கு பையையே பிடுங்கும். நான் "ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுவோம்" என்றிருந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. கூட வந்த தம்பிதான் என்று திரும்பினேன், உலகமே மங்கிவிட்டது. குரங்கு சுவர்மேல் உட்கார்ந்து என் கண்ணாடியின் காம்பை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது.

அப்படி ஆனால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள், மரத்துக்குப் போய்விடும். பிரசாதக் கடைக்காரர் "சஷ்மா?" (கண்ணாடியா?) என்று மட்டும் இந்தியில் கேட்டார். ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் போட்டார். குரங்கு அதைப் பிடிக்கக் கண்ணாடியைக் கீழே விட்டது. பொட்டலக் காசு நம்முடையது. அந்தக் காம்பில் பல் தடம் இன்னும் இருக்கிறது.

கழற்றிவிட்டால் எதைப் பார்ப்பது என்கிறீர்களா? அங்கே நிற்கும் அனுமார் 108 அடி. மைனஸ் நாலு பவருக்கும் தெரிவார்.

படி 3: இறங்கி, ஊர் நடுவே இருக்கும் ரிட்ஜ் என்ற திறந்தவெளியில் டீ குடித்துவிட்டு, மேற்கே ஒரு மணி நேரம் நடந்தால் வைஸ்ராய் மாளிகை. 1888இல் கட்டியது. வரைந்தவர் ஹென்றி இர்வின்; எழும்பூர் கன்னிமாரா நூலகமும் அவர் கைவேலைதான். 1945 சிம்லா மாநாடு நடந்தது இங்கேதான். இப்போது உயர் ஆய்வு நிறுவனம். உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும், சில அறைகள் மட்டும்தான் காட்டுவார்கள். ஆனாலும் பர்மா தேக்கு இழைத்த அந்தக் கூடத்துக்காகவே போகலாம். தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்கித் திரும்பிவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: கண்ணாடி இல்லாமல் படி இறங்கத் தடுமாறியதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கைத்தடியை வாங்கிக்கொள்ளுங்கள். குரங்கும் கொஞ்சம் தள்ளி நிற்கும். கூலிங் கிளாஸுக்கும் இதே விதிதான். இன்னொருவர் திங்கட்கிழமை போய் மாளிகையின் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். திங்கள் விடுமுறை என்று நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.