மேட்டாங்காட்டில் மரம் பிடிக்க, முதலில் வேருக்குப் பூசணம்

வெள்ளகோவில், மூலனூர் பக்கம் தரிசாகிப் போன மேட்டாங்காட்டில் (மழையை நம்பிய மேட்டுநிலத்தில்) மரம் வைக்க நினைப்பவர்களுக்காக இது. எங்கள் காட்டில் முதல் தடவை நட்ட வேம்பு அத்தனையும் சித்திரைக்குள் காய்ந்துவிட்டது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் குழிச்சுவரைத் தாண்டவே இல்லை, சும்மாடு மாதிரி சுருண்டு கிடந்தது.

நம் சுக்காங்கல் மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) சுண்ணாம்போடு பிணைந்து கிடக்கும். வேர் உட்பூசணம் (கடையில் 'வேம்' என்பார்கள்) வேருக்குள் புகுந்து, மண்ணுக்குள் நுண்ணிய இழைகளை விட்டு, அந்தச் சத்தையும் ஈரத்தையும் இழுத்துக் கொடுக்கும். பதிலுக்கு மரம் சர்க்கரை தரும். வெறும் தரையாகப் பல வருடம் வெயிலில் கிடந்த மண்ணில் இந்தப் பூசணம் குறைந்துபோகும்.

கடையில் வாங்கலாம். எனக்கு நம் மண்ணில் பழகியதுதான் பிடிக்கும். பக்கத்துக் கொறங்காட்டுக்காரரிடம் (வேலி போட்ட மேய்ச்சல் காடு வைத்திருப்பவரிடம்) கேட்டுக்கொண்டு, பழைய வெள்வேல மரத்தடியில் சருகை ஒதுக்கி, அரை அடிக்குள் சல்லிவேரோடு இரண்டு படி மண் எடுங்கள். பொலபொலவென்று, தலைமயிர் போன்ற வேர்களோடு வர வேண்டும்.

இந்தப் பூசணம் உயிருள்ள வேரில்தான் பெருகும். அதனால் மாசியில் தொட்டியில் மணலும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, நடுவில் இந்த மண்ணைப் பரப்பி, மருந்து கலக்காத சோளம் விதையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பத்து நாள் தண்ணீரை நிறுத்தினால் பூசணத்தின் வித்துகள் உருவாகும். அப்புறம் தட்டையை அறுத்துவிட்டு, வேரை நறுக்கி மண்ணோடு நிழலில் உலர்த்துங்கள்.

நாற்றுப் பையில் விதைக்குக் கீழே இதில் ஒரு கைப்பிடி போடுங்கள். முளைவேர் அதைத் தொட்டுக்கொண்டு இறங்க வேண்டும், மேலே தூவினால் பயனில்லை. வெள்வேல விதையைச் சுடுதண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். வேப்பங்கொட்டையை விழுந்த சூட்டோடு விதையுங்கள், வைத்திருந்தால் முளைப்புத் திறன் போய்விடும்.

புரட்டாசியில் ஒன்றரை அடிக் குழி. காடு முழுக்க உழ வேண்டாம், இழைகள் அறுந்துபோகும். குழிச்சுவரைக் கடப்பாரையால் கொத்திவிடுங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் அரைவட்ட வரப்பு போட்டால் மழைத்தண்ணீர் நிற்கும். மேல்மண்ணோடு மக்கிய எரு ஒரு கூடை போதும். மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால் பூசணம் வேரில் ஏறாது.

ஐப்பசி மழையில் நட்டு, தூரைச் சுற்றிச் சருகு மூடுங்கள். இரண்டடிக்கு அப்பால் இருக்கும் கொழுக்கட்டைப்புல்லை வெட்டாதீர்கள். கன்று வேர்விடும்வரை பூசணம் அந்தப் புல்லின் வேரிலும் பிழைத்துக் கிடக்கும்.