கனடாவுக்கு வருகிறீர்களா? பெட்டி கட்டும் முன் பிளக்கைப் பாருங்கள்

டொராண்டோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் புறப்படும் முன் தவறாமல் கேட்கும் கேள்வி, "எந்த அடாப்டர் வாங்கணும்?" என்பது. அது சுலபம். நம் ஊர் உருண்டைப் பின் ஒரு பக்கம் நுழைய வேண்டும், மறுபக்கம் இரண்டு தட்டைப் பின்னும் ஓர் எர்த் பின்னும் இருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு போதும். லேப்டாப்புக்கு அதுகூட வேண்டாம். சார்ஜரிலிருந்து சுவருக்குப் போகும் ஒயர் கழற்றக்கூடியதாக இருந்தால், அதை மட்டும் இங்கே வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது. ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதனால் எதைப் பெட்டியில் வைத்தாலும், அதன் மேல் பொடி எழுத்தில் இருக்கும் 'இன்புட்' வரியை முதலில் படியுங்கள். 100–240 என்று இருந்தால் கவலையே இல்லை. போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். 220–240 என்றோ 230 என்றோ மட்டும் இருந்தால் ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நான் இதைப் படிக்காமல் 1500 வாட் கெட்டில் ஒன்றைக் கொண்டுவந்தேன். வோல்ட் பாதியாகக் குறைந்தால் சூடு கால்பங்காகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. இஸ்திரிப் பெட்டிக்கும் இதே கதிதான்.

மிக்ஸிதான் எல்லாருக்கும் மனம் வராத பொருள். சட்னி இல்லாமல் எப்படி என்ற பயம் எனக்கும் இருந்தது. டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாம் என்பார்கள். மோட்டார் கிளம்பும்போது அதிகமாக இழுக்கும், ஆகவே 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்பார்மராவது வேண்டும். அது பல கிலோ கனம். சமையல் மேடையில் நிரந்தரமாக இடத்தை அடைக்கும். அதற்குப் பதில், அமெரிக்கா, கனடாவுக்கென்றே 110 வோல்ட்டில் செய்யும் நம் ஊர் மிக்ஸியை வாங்குங்கள். ஊர்க் கடையில் '110 வோல்ட்' என்று கேட்டு வாங்கலாம், இங்குள்ள 120-க்கு அதுதான். டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் தமிழர் கடைகளிலும் விசாரியுங்கள். கிரைண்டருக்கும் இதுவே என் யோசனை. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைச் சரிசெய்தாலும் 60 ஹெர்ட்ஸ் அப்படியேதான் இருக்கும், கல் வேகமாகச் சுற்றும்.

அப்புறம் வீட்டுக்குள் வந்ததும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இங்கே பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் சுவிட்ச் இருக்காது, கரண்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். சிறு பிள்ளைகள் இருந்தால் முதல் நாளே துளைகளுக்கு மூடி போடுங்கள். சிங்க் அருகே இரண்டு பொத்தான் வைத்த பாயின்ட் திடீரென்று செத்துப்போனால் 'ரீசெட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒரே லைனில் கெட்டிலையும் டோஸ்டரையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். 15 ஆம்ப் லைன் தாங்குவது 1800 வாட்தான். பழைய வீடுகளில் இரண்டு துளை மட்டுமே இருக்கும். அதற்காக எர்த் பின்னை உடைத்துச் சொருகாதீர்கள், வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, 120 வோல்ட் என்று மட்டும் போட்ட ஹேர் டிரையரைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே 230 பாய்ந்தால் சூடு நான்கு மடங்கு ஏறும். உள்ளே இருக்கும் சுருள் கருகிவிடும்.