டிரம் கோர் கோடைப் பயணம்: முதல் வருடம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் டிரம் கோர் என்றால் பித்தளைக் குழல்களையும் டிரம்களையும் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஓடிக்கொண்டே வாசிக்கும் போட்டிக் குழு. மைதான ஓரத்தில் நிறுத்தித் தட்டி வாசிக்கும் மரிம்பா வகையறாவும் கொடி சுழற்றும் கலர் கார்டும் அதில் சேர்ந்திருக்கும். டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பு 1972 முதல் இதற்குச் சாம்பியன்ஷிப் நடத்துகிறது. மைதானத்தில் இருப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அதற்காக மே மாதக் கடைசியில் ஆரம்பித்து ஆகஸ்ட் நடுவரை வீட்டை விட்டு, பேருந்திலும் பள்ளிக்கூட ஜிம் தரையிலும் படுத்து எழுந்து, வெயிலில் நாள் முழுக்கப் பயிற்சி எடுக்க வேண்டும்.

தேர்வில் ஜெயித்து இடம் பிடித்தவர்களுக்கு வாசிக்கத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. பெரும்பாலும் அவர்கள் தடுமாறுவது பாதத்தில், தண்ணீரில், தூக்கத்தில்.

முதல் தவறு மே மாதம் வரை உட்கார்ந்தே பயிற்சி செய்வது. குளிர்காலத்தில் தேர்வு முகாம் முடிந்ததும் ஏசி அறையில் நாற்காலி போட்டு வாசித்துப் பழகுகிறார்கள், மனப்பாடமும் ஆகிவிடுகிறது, ஆனால் பயிற்சி முகாமின் மூன்றாம் நாளே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. கான்ட்ரா எனும் பெரிய டியூபாவைத் தோளில் ஏற்றுகிறவர்களுக்குப் பத்து கிலோவுக்கு மேல் சுமை, அதோடு பின்பக்கமாகவும் நடக்க வேண்டும். மார்ச் மாதத்திலிருந்தே தினமும் கருவியைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே நடங்கள். வெயில் ஏறிய பிறகு நடங்கள், அப்போதுதான் உடம்பு பழகும்.

அடுத்தது ஷூ. புத்தம் புது ஷூவோடு முகாமுக்கு வரவே வராதீர்கள். ஒரே ஒரு ஜோடியோடும் வராதீர்கள். காலையில் புல்லில் பனி இருக்கும், அரை மணி நேரத்தில் சாக்ஸ் வரை ஊறிவிடும், அதே ஈரத்தோடு மதியம் வரை நடந்தால் குதிகாலில் தோல் வெளுத்து, சுருங்கி, அப்படியே உரிந்து வரும். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஈர ஷூவுக்குள் இரவில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள், காலைக்குள் ஈரத்தை உறிஞ்சிவிடும். சாக்ஸ் எவ்வளவு எடுத்து வைத்தாலும் பற்றாது, ஏனென்றால் துணி துவைக்கும் நாள் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் பெரிய கேலன் ஜாடியைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள், நல்லதுதான், ஆனால் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருப்பதும் தவறு. வியர்வையில் உப்பும் போகிறது. உப்பு குறைந்துபோய் மேலே மேலே தண்ணீர் குடித்தால் தலைவலி, குமட்டல், மயக்கம் எல்லாம் வரும், நிலைமை மோசமானால் உயிருக்கே ஆபத்து. சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். சமையல் லாரியில் தன்னார்வலர்கள், பல குழுக்களில் பெற்றோர்களே, ஒரு நாளைக்கு நாலு வேளை சமைத்துப் போடுகிறார்கள். சைவம் என்றாலோ வேர்க்கடலை ஒத்துக்காது என்றாலோ படிவத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். வரிசையில் தட்டோடு நிற்கும்போது சொன்னால் அவர்களால் என்ன செய்ய முடியும்?

தூக்கம்தான் பெரிய விஷயம். இரவு நிகழ்ச்சி முடிந்து, சாப்பிட்டு, லாரியில் சாமான் ஏற்றிப் பேருந்து கிளம்பவே நள்ளிரவு ஆகிவிடும். விடியற்காலை ஏதோ ஊர் பள்ளியில் இறக்கிவிடுவார்கள், ஜிம்மில் காற்றடைக்கும் மெத்தையை விரித்து மிச்சத் தூக்கம் தூங்க வேண்டும். அந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள். மெத்தை ஒற்றை அகலம் போதும், அகல மெத்தை கொண்டுவந்தால் பக்கத்தில் படுப்பவர் இடத்தை நீங்கள் பிடுங்குகிறீர்கள் என்று அர்த்தம். பேட்டரி பம்ப், ஓட்டை ஒட்டும் பசை, கண்மூடி, காதடைப்பான் எல்லாம் வேண்டும். கனமான போர்வையும் வையுங்கள், சில ஜிம்களில் ஏசி எலும்பைத் துளைக்கும்.

அப்புறம் வலியை மறைப்பது. இதைச் செய்யவே செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி தொடங்கிய அன்றே குழுவின் உடற்பயிற்சி மருத்துவ உதவியாளரிடம் சொன்னால் இரண்டு நாள் ஓய்வோடு சரியாகிவிடலாம். ‘என் இடம் காலியாகத் தெரியுமே’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் எலும்பில் விரிசல் விழுந்து கோடையே போய்விடும். டிரம் வரிசைக்காரர்கள் காதையும் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் பாதுகாப்பு எல்லை என்கிறார்கள், ஸ்நேர் டிரம் வரிசை அதைச் சாதாரணமாகத் தாண்டும். போன கேட்கும் திறன் திரும்பி வராது.

டாட் புத்தகத்தை, அதாவது மைதானத்தில் எப்போது எங்கே நிற்க வேண்டும் என்று குறித்துவைக்கும் நோட்டை, அன்றன்றைக்கு எழுதுங்கள். வழக்கமான கணக்கு 5 யார்டுக்கு எட்டுக் காலடி, அதாவது ஒரு காலடி 22.5 அங்குலம். ‘40 யார்டு கோட்டுக்கு இரண்டு காலடி உள்ளே’ என்று இருந்த உங்கள் இடம் ஜூலையில் மூன்று முறை மாறும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பழைய இடத்துக்கு ஓடி யார்மீதாவது மோதுவீர்கள், அதுவும் ஓடுகிற வேகத்தில்.

மதிப்பெண்ணைப் பார்த்து மனம் உடைவதும் வேண்டாம். 100க்குப் போடுகிறார்கள், ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. ஜூனில் எல்லோருக்கும் குறைவாகத்தான் வரும், வாரா வாரம் ஏறும். புளூ டெவில்ஸ் 2014 இறுதிப் போட்டியில் 99.65 வாங்கியது, அதே குழுவும் ஜூனில் அந்த உயரத்தில் இல்லை. வேறு ஊரில் வேறு நடுவர்கள் போட்டதை உங்களுடையதோடு ஒப்பிட்டு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதால் என்ன கிடைக்கும்?

பெற்றோருக்கும் ஒன்று. இரண்டாம் வாரத்தில் பிள்ளை போனில் அழுதால் உடனே ‘கிளம்பி வந்துடு’ என்று சொல்லிவிடாதீர்கள். சாப்பிட்டானா, தூங்கினானா, எங்கேயாவது வலிக்கிறதா என்று கேளுங்கள். காயமோ யாராவது மோசமாக நடத்துவதோ இருந்தால் அது வேறு, உடனே தலையிடுங்கள். வெறும் களைப்பு என்றால் மறுநாள் மறுபடி கூப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் குரல் மாறியிருக்கும்.

இண்டியானாபோலிஸில் இறுதிப் போட்டி முடிந்த மறுநாளே கல்லூரி பேண்ட் முகாமிலோ வேலையிலோ சேருகிற மாதிரி திட்டம் போடாதீர்கள். முடிந்தால் ஒரு வாரமாவது விடுங்கள். அந்த வாரத்தில் நிறைய தூங்குங்கள், காதில் ரீங்காரம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.