துருவக் காந்தத் துடிப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருவப் பகுதிப் புவிகாந்தத் துடிப்புகளை, அதாவது பூமியின் காந்தப்புலத்தில் எழும் சிறு அலைவுகளை, ஆராய வரும் புதியவர்களின் வரைபடங்கள் அடிக்கடி என் பார்வைக்கு வரும். ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. அலகைக் குழப்புவது, விடுபட்ட தரவைச் சுழியமாக எண்ணுவது போன்றவை எப்படியும் மாட்டிக்கொள்ளும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுவர்க் கடிகாரத்தை நம்புவது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பிசி3 (Pc3) என்ற வகைத் துடிப்புகளின் அலைவுக்காலம் 10 முதல் 45 நொடி. சூரியக் காற்று நேராக இறங்கும் துருவப் பிளவை ஒட்டிய நிலையங்களில் அவை காந்த நண்பகலையொட்டி வலுக்கும். அதாவது நிலையத்தின் காந்தத் தீர்க்கரேகை சூரியனுக்கு நேராக வரும் பொழுதில். கடிகாரத்தில் மணி என்ன என்பது அலைக்குத் தெரியாது.

தென் துருவத்தின் அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்தில் காந்த நண்பகல் உலக நேரம் 15:30 வாக்கில் வரும். அங்கே புழங்குவதோ நியூசிலாந்து நேரம். ஸ்வால்பார்டின் நி-ஓலசுண்டில் அது உலக நேரம் 9 மணியளவில்; அங்கே நார்வே நேரம். ஒரு மாணவர் இரண்டையும் அந்தந்தக் கடிகார நேரத்துக்கு மாற்றி வரைந்திருந்தார். வடக்கே முற்பகலில் உச்சம், தெற்கே விடியற்காலையில். இரு அரைக்கோளங்களிலும் அலை பிறக்கும் விதமே வேறு என்று அதை வைத்து ஓர் அத்தியாயம்! போதாததற்கு, கோடையில் உச்சம் ஒரு மணி நேரம் தள்ளிப்போவதாக ஒரு பருவகாலக் கண்டுபிடிப்பு வேறு. கோடையில் இரு நாடுகளும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பது அவருக்கு உறைக்கவே இல்லை. காந்த நண்பகலை 12 மணியாக வைத்து எண்ணும் காந்த நேரத்தில் திரும்ப வரைந்ததும் இரண்டு உச்சங்களும் நண்பகல் பக்கம் வந்து சேர்ந்தன. மாதக்கணக்கான உழைப்பு வீண்.

சரி, காந்த நேரமும் எல்லா இடத்துக்கும் உதவாது. அண்டார்டிகாவின் கான்கோர்டியா நிலையம் புவிகாந்தத் துருவத்தின் மீதே ஏறக்குறைய உட்கார்ந்திருக்கிறது. காந்தத் தீர்க்கரேகைகள் எல்லாம் கூடும் இடத்தில் நண்பகலுக்குப் பெரிதாகப் பொருளில்லை.

பருவத்தையும் காந்தப் புயலையும் கலப்பது

வரைபடத்தில் மார்ச், செப்டம்பர் பக்கம் மேடு தெரிந்தால் அதை நிலையத்தின் குணமாக எழுதிவிடாதீர்கள். சம இரவு நாட்களையொட்டிக் காந்தச் சலனம் பொதுவாகவே கூடும். ரசல், மெக்பெரான் என்ற விண்வெளி இயற்பியலாளர்கள் 1973-லேயே வடிவியல் காரணம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். சூரிய ஒளி அயனி மண்டலத்தின் மின்கடத்துதிறனைக் கூட்டுவது தனிக் கதை. முதலில் சூரியக் காற்றின் வேகப்படி நாட்களைப் பிரியுங்கள், அப்புறம் கோடையையும் குளிர்காலத்தையும் ஒப்பிடலாம். சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை (median) எடுங்கள். ஒரே ஒரு புயல் நாள் மாதச் சராசரியைத் தூக்கிவிடும்.

ஜூன் என்றாலே கோடை

தெற்கே இல்லை.

ஒரு நிமிடத் தரவில் பிசி3

120 நொடிக்குக் குறைந்த அலைவுக்காலத்தை அதில் பிரித்தறிய முடியாது. ஒரு நொடித் தரவை எடுங்கள்.

தூண்டல் சுருள் காந்தமானி

அது தருவது காந்தப்புலத்தை அல்ல, அந்தப் புலம் மாறும் வேகத்தை. அதிர்வெண்ணுக்கேற்பத் திருத்தாமல் நிறமாலை வரையாதீர்கள்.