வெளிநாட்டு ஆன்லைன் சந்தையில் எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள்: தேர்வு முதல் சோதனை வரை

மொட்டை மாடியில் ஒரு சிறிய வானிலை நிலையம் அமைக்க முக்கியமான பாகங்கள் நான்கு. வைஃபைக்கு ஈஎஸ்பி32 போர்டு (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிப் பலகை), வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அளக்க பிஎம்இ280 சென்சார், மணியைக் கணக்கு வைக்க டிஎஸ்3231 கடிகார மாட்யூல், லித்தியம் செல்லை சார்ஜ் செய்ய டிபி4056 மாட்யூல் (மாட்யூல் என்றால் சிப்பைப் பொருத்திய சிறு பலகை). வெளிநாட்டுத் தளங்களில் புதிதாக வாங்குகிறவர்கள் பணத்தை இழக்கும் வழிகளில் பெரும்பாலானவை இந்த நான்கிலேயே வந்துவிடும். அதனால் இவற்றை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம்.

1. தேடும் முன் பட்டியல் எழுதுங்கள்

'ஈஎஸ்பி32 போர்டு' என்று மட்டும் எழுதினால் போதாது. 30 பின்னா 38 பின்னா (பின் என்பது ஒயர் இணைக்கும் கம்பி), யூஎஸ்பி சி போர்ட்டா மைக்ரோவா, கணினியோடு பேசும் யூஎஸ்பி சிப் சிபி2102ஆ சிஹெச்340ஆ, பின்கள் சால்டர் செய்து (ஈயத்தால் பற்றவைத்து) வருமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 38 பின் போர்டுகள் பல அகலமானவை. சாதாரண பிரெட்போர்டில் (ஒயர்களைச் செருகிச் சோதிக்கும் ஓட்டைப் பலகை) செருகினால் ஒரு பக்கம் ஒயர் குத்த ஓட்டையே மிஞ்சாது. சால்டரிங் அயர்ன் இல்லாதவர்கள் பின் சால்டர் செய்த போர்டையே எடுப்பது நல்லது.

எழுதிய பட்டியலுக்கு உள்ளூர் விலையையும் பாருங்கள். சென்னைவாசிகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது, மற்றவர்களுக்கு இந்திய ஆன்லைன் கடைகள் இருக்கின்றன. ஷிப்பிங், வரி, பல வாரக் காத்திருப்பு மூன்றையும் சேர்த்தால், ஒன்றிரண்டு பாகங்களுக்காக வெளிநாட்டு ஆர்டர் போடுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஐந்து, பத்து என்று வாங்கும்போதும், இங்கே கிடைக்காத சென்சார் தேவைப்படும்போதும்தான் லாபம்.

லித்தியம் செல்லை மட்டும் எப்போதும் உள்ளூரிலேயே வாங்குங்கள். தனியாக அனுப்பும் லித்தியம் அயான் செல்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை உள்ளது. அதனால் பார்சல் பாதியில் திரும்பிவிடும் வாய்ப்பு அதிகம். இன்னொரு ஆபத்து போலி. 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல்லின் மேல் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். நல்ல தயாரிப்பாளர்களின் 18650 செல்கள் பெரும்பாலும் 2000 முதல் 3600 வரைதான் தரும், எடையும் 45 கிராமை ஒட்டி இருக்கும்.

2. எந்தத் தளம்?

சீனத் தளமான அலிஎக்ஸ்பிரஸின் செயலியை இந்திய அரசு 2020 நவம்பரில் தடை செய்தது. சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஈபேயிலும் சீன விற்பனையாளர்கள் ஏராளம். மவுசர், டிஜிகீ போன்றவை அதிகாரபூர்வ விநியோகஸ்தர்கள். சிப் ஒரிஜினல் என்று நம்பி வாங்கலாம், ஆனால் சின்ன ஆர்டருக்கு ஷிப்பிங் கட்டணம் கையைக் கடிக்கும்.

3. விலையை நம்பாதீர்கள், ஆப்ஷனைப் படியுங்கள்

ஒரே பக்கத்தில் ஏழெட்டு ஆப்ஷன்கள் இருக்கும். தேடல் முடிவில் தெரிவது அவற்றில் மிக மலிவானதன் விலை. பிஎம்இ280 என்று தலைப்பு இருக்கும், அந்த மலிவு விலை பிஎம்பி280க்கு உரியதாக இருக்கும். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் பிஎம்பி280 ஈரப்பதத்தை அளக்காது. ஒவ்வொரு ஆப்ஷனையும் தொட்டு விலை மாறுகிறதா என்று பார்த்த பிறகே கார்ட்டில் சேருங்கள். பிஎம்இ280 மாட்யூலில் 3.3 வோல்ட், 5 வோல்ட் என இரண்டு வகை விற்கிறார்கள். ஈஎஸ்பி32க்கு 3.3 வோல்ட் வகை போதும்.

ரிவ்யூக்களில் படம் போட்டவற்றை மட்டும் பாருங்கள். பிஎம்இ280 சிப்பின் உலோக மூடி 2.5க்கு 2.5 மி.மீ. சதுரம். பிஎம்பி280 சிப் 2க்கு 2.5 மி.மீ., அதாவது செவ்வகம். வாங்கியவர் போட்ட படத்தைப் பெரிதாக்கினால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

டிபி4056 மாட்யூலில் பாதுகாப்புச் சுற்று உள்ளதையே எடுங்கள். உள்ளீட்டுக்கு இரண்டு, பேட்டரிக்கு இரண்டு, வெளியீட்டுக்கு இரண்டு என ஆறு இணைப்புப் புள்ளிகள் இருக்கும். வெளியீட்டுக்குத் தனிப் புள்ளி இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை, செல் அளவுக்கு மீறி வடிந்து கெட்டுவிடும்.

தேவைக்கு மேல் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். ஒன்று பழுதாக வந்தாலோ, இணைக்கும்போது புகைந்தாலோ, மாற்று வர மறுபடியும் பல வாரம் ஆகும். சீனப் புத்தாண்டை ஒட்டி, ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும், விற்பனையாளர்கள் கடையை மூடிவிடுவார்கள். அந்தச் சமயம் போட்ட ஆர்டர் நகராமல் கிடக்கும்.

4. வரி

இந்தியாவில் பொருளின் விலையோடு ஷிப்பிங்கையும் சேர்த்துத்தான் சுங்கவரி கணக்கிடுவார்கள். அதன் மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி), அதற்கும் மேல் கூரியர் நிறுவனத்தின் கையாளல் கட்டணம். அடையாள ஆவணமும் கேட்பார்கள். பரிசு என்று எழுதி அனுப்பச் சொல்வதால் பயனில்லை, அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. விலையைக் குறைத்து எழுதச் சொல்வது சட்டப்படி தவறு, பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

ஈஎஸ்பி32 ரேடியோ அலை பரப்பும் கருவி. அத்தகைய கருவிகளின் இறக்குமதிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு வகுத்த ஒப்புதல் விதிகள் உண்டு. அதைக் காரணம் காட்டிச் சுங்கத்தில் பார்சலை நிறுத்தினால், கூட வந்த சென்சாரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். எனவே இந்தியாவில் இருப்பவர்கள் ஈஎஸ்பி32ஐ உள்ளூரில் வாங்குவதே சரி.

சிங்கப்பூரில் 400 வெள்ளி வரையிலான பொருள்களுக்கு 2023 முதல் ஜிஎஸ்டி உண்டு. மலேசியாவில் 500 ரிங்கிட் வரையிலானவற்றுக்கு 2024 முதல் 10 சதவீத விற்பனை வரி. பெரிய தளங்கள் இதைப் பணம் கட்டும்போதே பிடித்துக்கொள்கின்றன.

5. பணம்

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், விற்பனையாளர் தள்ளுபடி தருவதாகச் சொன்னாலும் சரி. தளத்தின் பாதுகாப்பு அந்த நிமிடமே போய்விடும். ஆர்டர் போட்டதும் பொருளின் பக்கத்தை, தேர்ந்தெடுத்த ஆப்ஷன் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சில விற்பனையாளர்கள் பக்கத்தையே பிறகு மாற்றிவிடுவார்கள்.

6. பார்சல் வந்த அன்றே சோதனை

முகவரிச் சீட்டு தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். 'பொருள் கிடைத்தது' பொத்தானை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

முதலில் பிஎம்இ280. அதை ஈஎஸ்பி32 போர்டில் இணையுங்கள்: மின்சாரத்துக்கு 3.3 வோல்ட், கிரவுண்டுக்கு கிரவுண்ட், சென்சாரின் எஸ்டிஏ 21 என்று குறித்த பின்னில், எஸ்சிஎல் 22 என்று குறித்த பின்னில். போர்டுக்கு நிரல் ஏற்றும் மென்பொருளான அர்டுயினோ ஐடிஇயில் ஐ2சி ஸ்கேனரை (இந்த இரண்டு ஒயர்களில் இணைந்த சிப்களைத் தேடும் நிரல்) ஓட்டினால் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 76 அல்லது 77 என்று முகவரி வரும். மலிவு மாட்யூல்கள் பெரும்பாலும் 76. இந்தச் சென்சாரைப் படிக்கும் ஆயத்த நிரல் தொகுப்பான அடாஃப்ரூட் லைப்ரரியோ, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 77இல்தான் தேடும். சென்சார் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பல இதனால் வருபவையே. நிரலில் முகவரியை 76 என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் அதே லைப்ரரியின் சோதனை நிரல் சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் செய்தியைக் காட்டும் ஐடிஇ சாளரம்) சிப்பின் அடையாள எண்ணைக் காட்டும். ஹெக்ஸ் 60 என்றால் பிஎம்இ280. ஹெக்ஸ் 58 என்றால் உங்களுக்கு வந்திருப்பது பிஎம்பி280. அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் ஆதாரம்.

டிஎஸ்3231 மாட்யூலில் ஸ்கேனர் 68, 57 என இரண்டு முகவரிகளைக் காட்டலாம். 57 என்பது அதிலேயே உள்ள நினைவகச் சிப், பயப்பட வேண்டாம். மணியைச் சரிசெய்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஒரிஜினல் சிப் ஒரு நாளில் அரை நொடிகூடத் தவறாது. பல நொடிகள் தவறினால் சிப்பில் கோளாறு.

இந்த மாட்யூலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இசட்எஸ்-042 என்று அச்சிட்ட வகையில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சுற்று உண்டு. சாதாரண சிஆர்2032 நாணய வடிவப் பேட்டரி சார்ஜ் ஏற்றக் கூடாதது. 5 வோல்ட்டில் இணைத்தால் அந்தப் பேட்டரி நாளடைவில் உப்பிக் கசியும். டயோடுக்குப் பக்கத்தில் உள்ள 200 ஓம் ரெசிஸ்டரைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. எடுக்க வராதவர்கள் மாட்யூலை 3.3 வோல்ட்டில் மட்டும் இயக்குங்கள்.

டிபி4056இல் செல்லை முழுதாக ஏற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். 4.14 முதல் 4.26 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் அந்த மாட்யூலைப் பயன்படுத்தவே கூடாது. மாட்யூல் 1 ஆம்பியரில் சார்ஜ் செய்யும்படி வருகிறது. சிறிய செல் என்றால் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதில் 2 கிலோ ஓம் வையுங்கள், 580 மில்லி ஆம்பியர் ஆகும். யூஎஸ்பி சி மாட்யூல் இருபுறமும் சி உள்ள கேபிளில் உயிர் பெறவில்லையா? சாதாரண ஏ முனை கேபிளில் போட்டுப் பாருங்கள். சில மாட்யூல்களில் அதற்கான 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இருக்காது.

7. தவறாக வந்திருந்தால்

ஈபேயில் பொருள் வந்து 30 நாளுக்குள் புகார் செய்யலாம். பேபால் வழியாகக் கட்டியிருந்தால், பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள் வரை. மற்ற தளங்களின் கெடு ஆர்டர் பக்கத்திலேயே இருக்கும். புகாரை இரண்டு வரியில் எழுதுங்கள்: ஆர்டர் செய்தது எது, வந்தது எது. கூடவே ஸ்கிரீன்ஷாட், வீடியோ, அடையாள எண் தெரியும் படம்.

'புகாரை வாபஸ் வாங்குங்கள், பணத்தைத் தனியாக அனுப்புகிறோம்' என்று விற்பனையாளர் எழுதுவார். பணம் கைக்கு வரும்வரை வாபஸ் வாங்காதீர்கள். மூடிய புகாரை மறுபடி திறப்பது கடினம். பொருளைத் திருப்பி அனுப்பச் சொன்னால் தபால் செலவு யாருடையது என்று முதலில் கேளுங்கள். பல நேரம் அது சென்சாரின் விலையைவிட அதிகம். பிஎம்இ280க்குப் பதில் பிஎம்பி280 வந்த நிலையில் பாதிப் பணம் தருவதாகச் சொன்னால், வெப்பநிலையும் காற்றழுத்தமும் மட்டும் அளக்கும் வேலை ஏதாவது உங்களிடம் இருக்கும்போது ஒப்புக்கொள்ளலாம். இல்லையென்றால் முழுப் பணத்தையும் கேளுங்கள்.