பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்களுக்கு

பாவசங்கீர்த்தனம் என்பது கத்தோலிக்கக் கோவிலில் சாமியாரிடம் (குருவிடம்) நம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. பதினோரு வருடம் போகாமல் இருந்து போனவன் நான், அதனால் சொல்கிறேன். ஞாயிறு பூசைக்கு முன்பு அவசரமாக ஓடாதீர்கள். பின்னால் வரிசை நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் இரவே பத்துக் கட்டளைகளை வைத்து மனதைச் சோதியுங்கள். நான் மளிகைச் சீட்டின் பின்புறம் எழுதிப் போனேன். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் வெளிச்சமில்லை, ஒரு வரியும் தெரியவில்லை!

முழந்தாளிட்டதும், கடைசியாக எப்போது வந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பிறகு உங்கள் பாவம் மட்டும். மைத்துனன் செய்தது அவன் கணக்கு. சாவான பாவங்களை, அதாவது தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவங்களை, வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும். "தம்பியோடு பேசி நான்கு வருடம் ஆகிறது" என்றபோது எனக்குக் குரல் உடைந்தது, சாமியார் அவசரப்படுத்தவில்லை. பாவத்துக்கு மனம் வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் மறந்துபோனால் அவரே சொல்லித் தருவார். கேட்டதை வெளியே சொல்லத் திருச்சபைச் சட்டம் அவருக்கு இடம் தராது. பாவத்துக்குப் பரிகாரமாக அவர் கொடுக்கும் அபராதத்தை அன்றே தீர்த்துவிடுங்கள். எனக்குக் கிடைத்தது மாதாவை நோக்கிச் சொல்லும் 'அருள் நிறைந்த' மந்திரம் மூன்று முறை, தம்பி வீட்டுக்கு ஒரு நடை.