மேசை இல்லாத மேஜிக்

போன ஆவணியில் மதுரையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். விருந்தாளிகள் கூட்டம் கூட்டமாக நிற்கும் இடத்துக்கே போய் சீட்டு வித்தை காட்டினேன். மெல்லிசைக் கச்சேரி சத்தத்தில் நான் சொன்ன கதை எதிரில் நின்றவருக்கே கேட்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிறகு சீட்டை மறுபடி அடுக்க ஓரமாக ஓடினேன். பந்தியிலிருந்து வந்தவர்கள் கைபட்டு சீட்டெல்லாம் நெய்ப்பிசுக்கு வேறு.

அடுத்த கல்யாணத்துக்கு மூன்றே வித்தை: ரப்பர் பேண்ட், ஒரு ரூபாய் நாணயம், ஸ்பாஞ்ச் பந்து. பேச்சு தேவையில்லை, மேசை தேவையில்லை, முடிந்த கையோடு அடுத்த கூட்டத்துக்குத் தயார். பேண்ட் விரலிலேயே இருக்கும். நாணயம் வலது பையில், பந்துகள் இடது பையில். இந்த இடம் மாறவே கூடாது. கூட்டத்துக்கு 5 நிமிடம் போதும்.

பந்தைக் கடைசியாக வைத்தேன், அது பார்ப்பவர் கையிலேயே நடப்பதால். ஒரு பாட்டி இறுக மூடிய கையைத் திறந்தார், ஒரு பந்து இரண்டாகியிருந்தது. "ஏட்டி, இங்க வாங்கடி!" என்று பேத்திகளைக் கூப்பிட்டார்.